தீபமும் தெருவிளக்கும் - கண்டக்டர் அப்பாவுக்கு அணு சொன்ன கதை

என்னடா, கோயில் ஊர்க்காரன் திடீரென்று அணு, குவாண்டம் என்று ஆரம்பித்துவிட்டானே என்று பார்க்காதீர்கள். இது அப்பாவால் வந்த வினை. எனக்கு இயற்பியல் பட்டமெல்லாம் கிடையாது, நான் பி.காம். அப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். படித்தது எஸ்.எஸ்.எல்.சி., அதுவும் கணக்கில் ஊற்றிக்கொண்டது. (டிக்கெட் கணக்கில் மட்டும் ஒரு பைசா பிசகாது, அது வேறு விஷயம்.)

போன கார்த்திகை மாசம் மாட வீதியில் ஒரு குட்டிப் புத்தகம் வாங்கிக்கொண்டு வந்தார். குவாண்டம் விஞ்ஞானம் சொல்வதெல்லாம் நம்ம ரிஷிகள் சொன்னதுதான் என்று அதில் போட்டிருந்தது. மூன்று நாள் படித்துவிட்டு என்னிடம் வந்தார்.

"ஏம்பா, இதுல நம்மாளுங்க சொன்னது இன்னான்னு எனக்குப் புரியுது. அந்த விஞ்ஞானம் இன்னா சொல்லுதுன்னுதான் ஒரு இடத்துலயும் சொல்லலையே. ரெண்டும் ஒண்ணுன்னா, ரெண்டையும் காட்டணுமா இல்லையா?"

இதைவிட நல்ல புத்தக விமர்சனம் நான் படித்ததில்லை :-)

சரி, நாமே சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தேன். பேப்பரில் நடுவில் ஒரு உருண்டை போட்டேன். இதுதான் அணுக்கரு. சுற்றிலும் வட்டம் போட்டு, இதுதான் எலக்ட்ரான், சூரியனைக் கிரகம் சுற்றுவது மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கும் என்றேன். அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"சுத்திக்கினே இருக்குமா?"

"ஆமாப்பா."

"எத்தினி வருஷமா?"

"அணு இருக்கிற வரைக்கும்."

"அப்ப டீசல் யாரு போடறது?"

எனக்கு வாய் அடைத்துவிட்டது. அப்போது சிரித்து மழுப்பிவிட்டு எழுந்து போய்விட்டேன். ராத்திரி புரட்டிப் பார்த்தபோதுதான் உறைத்தது. அப்பா கேட்டது 1911-ல் உலகத்தில் இருந்த பெரிய மூளைகளெல்லாம் முட்டிக்கொண்டு நின்ற அதே கேள்வி!

அந்த வருஷம்தான் மான்செஸ்டரில் ரூதர்ஃபோர்டு, அணுவின் நடுவில் ரொம்பச் சின்னதாக, ரொம்பக் கனமாக ஒரு கரு இருக்கிறது என்று அறிவித்தார். அவரிடம் வேலை பார்த்த கைகரும் மார்ஸ்டனும் 1909-ல் மெல்லிய தங்கத் தகட்டின் மேல் ஆல்ஃபா துகள்களை விட்டுப் பார்த்தார்கள். பெரும்பாலானவை ஒன்றுமே இல்லாத மாதிரி நேராகப் போய்விட்டன. எங்கேயோ ஒன்றிரண்டு மட்டும் சுவரில் பட்ட பந்து மாதிரி திரும்பி வந்தன. அப்படியானால் அணு முக்கால்வாசி காலி, கனமெல்லாம் நடுவில் ஒரு புள்ளி. அதுவரை சரி. ஆனால் மின்சாரம் உள்ள பொருள் வட்டமாகச் சுற்றினால் ஒளியை உமிழ்ந்துகொண்டே இருக்க வேண்டும் என்பது பழைய விதி. உமிழ்ந்தால் ஆற்றல் குறையும், குறைந்தால் சுழன்று சுழன்று கருவில் விழும். கணக்குப் போட்டால் ஒரு நொடியில் பத்தாயிரம் கோடியில் ஒரு பங்குக்குள் எல்லாம் முடிந்துவிடும். நீங்கள், நான், அண்ணாமலை, எதுவும் இருக்க முடியாது. டீசல் யார் போடுவது?

மறுநாள் அப்பாவிடம் போய், "நீங்க கேட்டதுதான் சரியான கேள்வி. முதல்லேருந்து சொல்றேன்" என்றேன். அன்றைக்கு ஆரம்பித்தது. தினமும் சாயங்காலம் மொட்டை மாடியில் அரை மணி நேரம். எதிர்வீட்டு ரிட்டயர்டு டீச்சரம்மாவும் துணி எடுக்க வந்த சாக்கில் சேர்ந்துகொண்டார். அங்கே பேசியதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதியிருக்கிறேன். இதில் வரும் மனுஷங்களில் பாதிப் பேர் நம்ம பக்கத்து ஆட்கள் என்பது எனக்கே புது விஷயம்.

முதலில் தீபம். 2,668 அடி உயர மலை, உச்சியில் கொப்பரை, நெய், காடாத் துணித் திரி. சாயங்காலம் ஆறு மணிக்கு ஏற்றினால் ஊர் முழுக்கக் கழுத்தை நிமிர்த்திப் பார்க்கும். அந்த மஞ்சள் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? நெய் எரியும்போது முழுக்க எரியாத கரித்துகள்கள் சுடருக்குள் சூடாகி ஒளிர்கின்றன. அதுதான். கொல்லன் உலையில் இரும்பு முதலில் சிவக்கும், அப்புறம் மஞ்சளாகும், இன்னும் காய்ந்தால் வெளுக்கும். எந்தப் பொருளாக இருந்தாலும் சரி, சூடுதான் நிறத்தைத் தீர்மானிக்கிறது.

இந்தச் சாதாரண விஷயம்தான் 19-ம் நூற்றாண்டின் கடைசியில் பெரிய தலைவலியாக இருந்தது. அன்றைக்குத் தெரிந்த விதிகளை வைத்துக் கணக்குப் போட்டால், சூடான எந்தப் பொருளும் ஊதாவையும் அதற்கு அப்பால் உள்ள கண்ணுக்குத் தெரியாத கதிரையும் அளவில்லாமல் கொட்ட வேண்டும். அகல் விளக்கு ஏற்றினாலே நம் கதை முடிந்துவிடும். நிஜத்தில் அப்படி நடப்பதில்லை. ஏன்?

1900-ம் வருஷம் டிசம்பர் 14-ம் தேதி பெர்லினில் மாக்ஸ் பிளாங்க் ஒரு விடை சொன்னார். ஆற்றல் தண்ணீர் மாதிரி ஒழுகுவதில்லை, பொட்டலம் பொட்டலமாகத்தான் கைமாறுகிறது. சிவப்புக்குச் சின்னப் பொட்டலம், ஊதாவுக்குப் பெரிய பொட்டலம். அந்தப் பொட்டலத்துக்குத்தான் குவாண்டம் என்று பெயர்.

இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன். அவரே முடித்து வைத்தார்.

"அதாவது சில்லறைப் பிரச்சினை."

அதேதான்! பஸ்ஸில் இருக்கிறவன் எல்லாம் பத்து ரூபாய் வைத்திருக்கிறான், வெளியே விற்கிற பொருள் ஐந்நூறு ரூபாய்க்குக் குறைந்து கிடையாது என்றால், யார் வாங்குவார்கள்? ஊதாவின் ஒரு பொட்டலத்துக்குத் தேவையான ஆற்றல் தீபத்தின் சூட்டில் சுலபமாகச் சேராது. அதனால் அந்த வியாபாரம் படுத்துவிடுகிறது. சிவப்பு, மஞ்சள் எல்லாம் கட்டுப்படியாகிற விலை. அதனால் தீபம் மஞ்சள். ஆயிரக்கணக்கான வருஷமாக மனுஷன் விளக்கு ஏற்றுகிறான், அது ஏன் அந்த நிறம் என்பதற்குச் சரியான விடை வந்து நூற்றிருபத்தைந்து வருஷம்தான் ஆகிறது.

இனி தெருவிளக்கு. எங்கள் தெருவில் எல்.ஈ.டி. வந்துவிட்டது. முனையில் ஒன்று மட்டும் பழைய சோடியம் விளக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது. அதுவும் மஞ்சள்தான். ஆனால் இது வேறு மஞ்சள். இந்த வெளிச்சத்தில் குங்குமப்பூக் கலர் புடவையும் பச்சைப் புடவையும் ஒரே அழுக்குக் கலரில் தெரியும், கவனித்திருப்பீர்கள். வீட்டில் கிடக்கிற பழைய சினிமாப் பாட்டு சி.டி. ஒன்றை எடுத்து, அதன் பின்பக்கத்தில் தீபத்தைப் பார்த்தால் சிவப்பிலிருந்து ஊதா வரை இடைவெளி இல்லாமல் வானவில் தெரியும். சோடியம் விளக்கைப் பார்த்தால் துண்டு துண்டாகத் தெரியும், நடுவில் இருட்டு. (தெருவில் இருப்பது உயர் அழுத்த வகை, அதில் மற்ற நிறங்களும் கொஞ்சம் கலந்துவிடும். காலேஜ் லேப்களில் இருக்கிற தாழ் அழுத்த சோடியம் விளக்குதான் சுத்தமான ஒற்றை மஞ்சள்.)

டீச்சரம்மா இங்கே ஒரு விஷயம் சொன்னார்கள். "கேஸ் அடுப்புல சோறு பொங்கி வழிஞ்சா நீல நெருப்பு சட்டுனு மஞ்சளாயிடுமே, அதுவா?" அதுவேதான். தண்ணீரில் இருக்கிற உப்பு. உப்பில் பாதி சோடியம். திருஷ்டி சுற்றி உப்பும் மிளகாயும் அடுப்பில் போடுகிறோமே, வெடிக்கிற சத்தத்தோடு ஒரு மஞ்சள் பளிச்சென்று வரும், அதுவும் இதே மஞ்சள்தான். ஜெர்மனியில் ஹைடல்பர்க்கில் கிர்க்காஃபும் புன்சனும் 1859, 60-ல் இதைத்தான் செய்தார்கள். ஒவ்வொரு பொருளையும் நெருப்பில் காட்டி, வரும் ஒளியைப் பட்டகத்தில் பிரித்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு தனிமத்துக்கும் அதற்கே உரிய கோடுகள், கைரேகை மாதிரி. சோடியத்துக்கு மஞ்சளில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கோடு, அலைநீளம் 589.0, 589.6 நானோமீட்டர். அதே கோடுகள் சூரிய ஒளியிலும் கறுப்பாக இருக்கின்றன. ஆக, சூரியனில் சோடியம் இருக்கிறது! பூமியில் உட்கார்ந்துகொண்டு சூரியனில் உப்புக் கரிப்பதைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

இங்கேதான் கதை நம்ம ராஜதானிக்கு வருகிறது.

1868 ஆகஸ்ட் 18-ம் தேதி முழு சூரிய கிரகணம். பாதை குண்டூர், மசூலிப்பட்டினம் வழியாகப் போனது. அப்போதெல்லாம் அது சென்னை ராஜதானி. நம்ம ஊரில் பகுதி கிரகணம்தான். நிறமாலைமானியை வைத்துக்கொண்டு உலகம் பார்த்த முதல் முழு கிரகணம் அது. பிரான்சிலிருந்து ஜான்சென் குண்டூருக்கு வந்து டேரா போட்டார். சென்னை வானாய்வுக் கூடத்தின் தலைவர் போக்ஸன் மசூலிப்பட்டினம் போனார். சூரியன் மறைந்ததும் விளிம்பில் எழும் தீநாக்குகளின் ஒளியைப் பிரித்துப் பார்த்தால் பிரகாசமான கோடுகள், அவற்றில் ஒன்று மஞ்சள். பார்த்தவர்களில் பலர் அது நம்ம சோடியம்தான் என்று நினைத்தார்கள். ஜான்சென் அந்தக் கோடுகளின் பிரகாசத்தைப் பார்த்து, கிரகணம் இல்லாமலே இவற்றைப் பார்க்கலாமே என்று மறுநாளே பார்த்துவிட்டார். அக்டோபரில் இங்கிலாந்தில் லாக்கியரும் தனியாக அதே முறையைக் கண்டுபிடித்தார். அந்த மஞ்சள் கோட்டை ஒழுங்காக அளந்தால் 587.6-க்குப் பக்கத்தில் நிற்கிறது. சோடியம் இல்லை! பூமியில் தெரிந்த எதுவுமே இல்லை. சூரியனுக்கான கிரேக்கப் பெயரை வைத்து அதற்கு ஹீலியம் என்று பெயரிட்டார்கள். 1895-ல் ராம்சே ஒரு கனிமத்திலிருந்து அதே வாயுவைப் பூமியிலேயே பிடித்துக் காட்டும் வரை இருபத்தேழு வருஷம் பாதிப் பேர் நம்பவில்லை. பொருட்காட்சி பலூனில் அடைக்கிற ஹீலியத்துக்கு இப்படி ஒரு ஜாதகம்.

அதே கிரகணத்துக்கு இன்னொரு குழு ஹைதராபாத் சமஸ்தானத்தில் வனபர்த்திக்குப் போனது. அதை நடத்திச் சென்றவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. இவரைப் பற்றி நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? சென்னை வானாய்வுக் கூடத்தில் சின்ன வேலையில் சேர்ந்து, தலைமை உதவியாளர் வரை வந்தவர். 1867-ல் ஒரு மாறும் விண்மீனைக் கண்டுபிடித்தார். 1872-ல் லண்டன் ராயல் வானியல் கழகத்தில் உறுப்பினரானார். இதெல்லாம் ஒரு பக்கம். எனக்கு இவரைப் பிடித்துப் போனதற்குக் காரணம் வேறு. 1874 டிசம்பரில் வெள்ளி சூரியனைக் கடக்கப் போகிறது என்றதும், அது என்ன, எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று சாதாரண ஜனங்களுக்குப் புரியும்படி ஒரு புத்தகம் எழுதினார். பல இந்திய மொழிகளில் வந்தது. எப்படி எழுதினார் தெரியுமா? பாடம் மாதிரி இல்லை. சாஸ்திரம் தெரிந்த சித்தாந்தி ஒருவரிடம் கேட்பவர் கேட்க, அவர் பதில் சொல்கிற உரையாடலாக! பஞ்சாங்கத்தையும் தொலைநோக்கியில் பார்த்த நிஜத்தோடு ஒத்துப்போகும்படி கணித்து வெளியிட்டார். கிரகணத்தன்று தர்ப்பை போட்டு வைக்கிறவரிடம் போய் அவர் சண்டை போடவில்லை, உனக்குத் தெரிந்த கணக்கிலிருந்தே ஆரம்பிப்போம் வா என்றார். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் ஒருத்தர் நம்ம மொட்டை மாடி வகுப்பை நடத்திவிட்டுப் போயிருக்கிறார் என்று தெரிந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. 1880-ல் காலமானார்.

ஆனால் ஒன்று. ஏன் சோடியம் அந்த இரண்டு கோடுகளை மட்டும் தருகிறது, ஏன் ஹீலியம் வேறு கோடு என்று ரகுநாதாச்சாரிக்கும் தெரியாது, போக்ஸனுக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது. கைரேகை இருக்கிறது, கை எப்படி இருக்கும் என்று தெரியாது. அதற்கு 1913 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இப்போது அப்பாவின் டீசல் கேள்விக்கு வரலாம். டென்மார்க்கிலிருந்து வந்து ரூதர்ஃபோர்டிடம் கொஞ்ச காலம் இருந்த நீல்ஸ் போர் சொன்னது கிட்டத்தட்ட அடாவடி மாதிரி இருக்கும். எலக்ட்ரான் எங்கே வேண்டுமானாலும் இருக்க முடியாது. குறிப்பிட்ட சில நிலைகளில் மட்டும்தான் இருக்கலாம். அந்த நிலையில் இருக்கும்வரை ஒளியை உமிழாது. டீசல் செலவே இல்லை. ஒரு நிலையிலிருந்து கீழ்நிலைக்கு வரும்போது மட்டும், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரே பொட்டலமாக ஒளியாகத் தூக்கிப் போடும்.

நம்ம ராஜகோபுரம் 217 அடி, 11 நிலை. மூன்றாம் நிலையில் நிற்கலாம், நான்காம் நிலையில் நிற்கலாம், மூன்றேகால் நிலை என்று ஒன்று கிடையாது. தமிழ்ப் பாடப் புத்தகத்தில் 'ஆற்றல் நிலை' என்று போட்டவர் கோபுரத்தை மனதில் வைத்துத்தான் போட்டாரா தெரியாது, ஆனால் எங்கள் ஊர்க்காரனுக்கு அந்தச் சொல் சட்டென்று ஒட்டிக்கொண்டது. ஒரு வித்தியாசம், கோபுரத்தில் நிலைகளுக்கு நடுவில் படிக்கட்டு இருக்கிறது, அணுவில் படிக்கட்டு கிடையாது.

அப்பாவுக்குக் கோபுரத்தைவிட பஸ்தான் பிடித்தது. "ஸ்டேஜ் மாதிரி சொல்லு. செங்கத்துக்கு முன்னாடி ஸ்டாப்புல இறங்கினாலும் ஸ்டேஜ் சார்ஜுதான். அரை ஸ்டேஜுக்கு டிக்கெட் கிடையாது." ஆமாம். அதோடு, "சரியான சில்லறை கொடுத்துப் பயணச்சீட்டு பெறவும்" என்று எழுதியிருக்குமே, அதை எலக்ட்ரான் மாதிரி கடைப்பிடிக்கிற பிரயாணி உலகத்தில் கிடையாது. சோடியத்தின் கடைசி எலக்ட்ரான் அடுத்த நிலைக்குப் போகவும் வரவும் ஒரே கட்டணம். அந்தக் கட்டணத்தின் நிறம் மஞ்சள். ஹீலியத்துக்கு வேறு ரூட், வேறு ஸ்டேஜ், வேறு மஞ்சள். சரி, சோடியத்துக்கு ஏன் ஒட்டினாற்போல் இரண்டு கோடு? அது 1925 வரை புதிராக இருந்தது. எலக்ட்ரானுக்குத் தற்சுழற்சி போன்ற ஒரு குணம் உண்டு, அது மேலா கீழா என்பதைப் பொறுத்து மேல்நிலை இரண்டாகப் பிரிகிறது என்று உலன்பெக், கௌட்ஸ்மித் என்ற இரண்டு இளைஞர்கள் சொன்னார்கள். பம்பரம் சுற்றுவது மாதிரி என்று நினைத்துக்கொண்டால் தப்பு. அங்கே நிஜமாகவே எதுவும் சுற்றவில்லை, வேறு நல்ல சொல் அகப்படாததால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

"எதனால அந்த நிலையில மட்டும் நிக்குது?" என்று டீச்சரம்மா விடவில்லை. போருக்கே அது தெரியாது, விதி போட்டார், கணக்கு ஹைட்ரஜனுக்கு அச்சாகப் பொருந்தியது, அவ்வளவுதான். காரணம் 1925, 26-ல் ஹைசன்பர்க், ஷ்ரோடிங்கர் வந்தபிறகுதான் கிடைத்தது. எலக்ட்ரான் துகள் மட்டும் இல்லை, அலைபோலவும் நடந்துகொள்கிறது. வீணைத் தந்தியை மீட்டினால் இரண்டு முனையும் கட்டியிருப்பதால் குறிப்பிட்ட சில சுரங்கள்தான் எழும். கருவின் ஈர்ப்பில் கட்டுண்ட எலக்ட்ரான் அலைக்கும் அதே கதி. இதற்கு மேல் உவமை உதவாது, கணக்குத்தான்.

அந்தக் கணக்கு எப்போது சென்னைக்கு வந்து இறங்கியது என்று தேடினால் சுவாரஸ்யமான ஒரு காட்சி கிடைக்கிறது. 1928. மாநிலக் கல்லூரியில் படிக்கிற, பதினெட்டைத் தொடுகிற ஒரு பையன். ஜெர்மனியிலிருந்து ஆர்னால்ட் சோமர்ஃபெல்டு என்ற பெரிய பேராசிரியர் சென்னைக்கு வந்திருக்கிறார். அணுவின் கட்டமைப்பைப் பற்றி அவர் எழுதிய தடிப் புத்தகத்தை இந்தப் பையன் கரைத்துக் குடித்திருக்கிறான். நேராக அவர் தங்கியிருந்த ஓட்டலுக்கே போய்விட்டான். பெரியவர் அன்பாகத்தான் பேசினார், ஆனால் தலையில் இடி. அந்தப் புத்தகத்துக்குப் பிறகு எல்லாமே மாறிவிட்டது, ஹைசன்பர்க், ஷ்ரோடிங்கர், டிராக், பாலி என்று ஒரு கூட்டம் வந்து புது இயற்பியலையே எழுதிவிட்டது என்றார். பையன் முகம் தொங்கிப்போனதைப் பார்த்தோ என்னவோ, தான் எழுதி இன்னும் வெளிவராத ஒரு கட்டுரையின் அச்சுப் படியைக் கையில் கொடுத்து அனுப்பினார். உலோகத்துக்குள் எலக்ட்ரான்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்பது விஷயம்.

பையன் பெயர் சுப்பிரமணியன் சந்திரசேகர். சி.வி. ராமனின் அண்ணன் மகன். அடுத்த வருஷம் ஹைசன்பர்க்கே சென்னைக்கு வந்தபோது அவரைக் காரில் ஊர் சுற்றிக் காட்டியது இவர்தான்.

1930 ஜூலை கடைசியில் பம்பாயில் கப்பல் ஏறினார், கேம்பிரிட்ஜுக்கு. அம்மா சீதாலட்சுமி நோயில் படுத்திருந்தார். (இப்சனின் 'பொம்மை வீடு' நாடகத்தைத் தமிழில் மொழிபெயர்த்தவர் அந்த அம்மா.) போகட்டும் என்று சொல்லி அனுப்பிவைத்ததும் அவரேதான். அடுத்த வருஷம் அவர் காலமானார், மகன் திரும்பப் பார்க்கவில்லை. இதைச் சொன்னபோது அப்பா ஒன்றும் பேசவில்லை, டீச்சரம்மாதான் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கப்பலில் போட்ட கணக்கு இதுதான். எரிபொருள் தீர்ந்த விண்மீன் தன் எடையாலேயே உள்ளே சுருங்கும். எது அதைத் தாங்கிப் பிடிக்கிறது? எலக்ட்ரான்கள். பாலியின் விதிப்படி ஒரு சீட்டில் இரண்டு எலக்ட்ரான் உட்கார முடியாது. பௌர்ணமி ஸ்பெஷல் பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் ஐந்து பேரைத் திணிக்கிறோமே, அந்த வேலை இங்கே நடக்காது. கீழ்ச்சீட்டெல்லாம் நிறைந்தால் அடுத்து வருகிறவன் மேலே மேலே, அதிக ஆற்றல் உள்ள இடத்துக்குத்தான் போக வேண்டும். சுருக்கச் சுருக்க எலக்ட்ரான்கள் வேகமாக ஓடித் திமிறும். அந்தத் திமிறல்தான் விண்மீனைத் தாங்குகிறது. ஆனால் எடை கூடக்கூட அவை ஓடும் வேகம் ஒளியின் வேகத்தை நெருங்கிவிடும், அதற்கு மேல் ஓட முடியாது. அப்போது திமிறல் தோற்றுவிடும். சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு, அதுதான் எல்லை. அதைத் தாண்டினால் அந்த விண்மீன் வெண்குள்ளனாக அடங்கி உட்கார முடியாது, இடிந்து விழும்.

1935 ஜனவரி 11-ம் தேதி லண்டனில் ராயல் வானியல் கழகக் கூட்டத்தில் சந்திரசேகர் இதைப் படித்தார். அடுத்துப் பேசியவர் எடிங்டன், அன்றைக்கு வானியலில் அவர் வைத்ததுதான் சட்டம். மாதக்கணக்காகச் சந்திரசேகரின் அறைக்கு வந்து கணக்கு எப்படிப் போகிறது என்று விசாரித்துக்கொண்டிருந்தவர்தான். தான் என்ன பேசப்போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மேடையில் ஏறி, விண்மீன் இப்படிக் கோமாளித்தனம் செய்யாமல் தடுக்க இயற்கையில் ஒரு விதி இருந்தாக வேண்டும் என்று கிண்டலடித்தார். கூட்டம் சிரித்தது. கணக்கில் தப்பு இருக்கிறது என்று எங்கேயும் காட்டவில்லை. கணக்கு சரி என்று தெரிந்த பெரியவர்கள் தனியாகத் தட்டிக்கொடுத்தார்கள், வெளியே வந்து சொல்ல ஆளில்லை. இருபத்துநாலு வயசுப் பையன். மூன்று, நாலு வருஷத்தில் அதையெல்லாம் ஒரு புத்தகமாக எழுதி வைத்துவிட்டு வேறு ஆராய்ச்சிக்குப் போய்விட்டார், அமெரிக்காவில் சிகாகோவில். அதே வேலைக்காகவும் சேர்த்து 1983-ல் நோபல் பரிசு வந்தபோது அவருக்கு வயது 73.

"எடிங்டன் கடைசில ஒத்துக்கிட்டாரா?" என்று அப்பா கேட்டார். இல்லை. 1944-ல் போய்ச் சேர்ந்துவிட்டார். "செக்கிங் இன்ஸ்பெக்டரு மாதிரி" என்றார் அப்பா. முப்பது வருஷ சர்வீஸ் கோபம் அது, நான் ஒன்றும் சொல்லவில்லை.

சித்தப்பா ராமனைப் பற்றி எல்லோருக்கும் தெரியும் என்பதால் நீட்டவில்லை. நம்ம சில்லறைக் கணக்கில் சொன்னால், பத்து ரூபாயோடு வருகிற ஒளி, வழியில் மூலக்கூறுக்கு இரண்டு ரூபாய் கொடுத்துவிட்டு எட்டோடு வெளியே போகிறது. ஆற்றல் குறைந்ததால் நிறம் மாறுகிறது. எவ்வளவு குறைந்தது என்று பார்த்தால் அது எந்த மூலக்கூறு என்று சொல்லிவிடலாம். 1928 பிப்ரவரி 28 கல்கத்தா. நான் சொல்ல ஆசைப்பட்டது கூட இருந்த கே.எஸ். கிருஷ்ணனைப் பற்றி. வத்திராயிருப்பில் 1898-ல் பிறந்தவர். 'நேச்சர்' இதழில் வந்த முதல் அறிவிப்பில் ராமன், கிருஷ்ணன் இரண்டு பேர் கையெழுத்தும் உண்டு. 1930-ல் பரிசு ஒருவருக்கு மட்டும். இது சரியா என்று இன்றைக்கும் விவாதம் ஓடுகிறது. என் அபிப்பிராயம் கேட்டால், கேள்வியைப் பல வருஷமாகத் துரத்தியவர் ராமன்தான், ஆனால் கிருஷ்ணன் பெயரைப் பள்ளிக்கூடத்தில்கூடச் சொல்லாமல் விட்டது நம்ம தப்பு.

அந்தக் கிருஷ்ணன் கல்கத்தா போவதற்கு முன் சென்னை கிறிஸ்துவக் கல்லூரியில் வேதியியல் செய்முறை உதவியாளராக இருந்தார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்துகொள்வார். யார் வேண்டுமானாலும் வந்து இயற்பியல், வேதியியல், கணக்கு எதில் வேண்டுமானாலும் கேட்கலாம். மற்ற கல்லூரிப் பையன்களும் அதற்காகவே வந்தார்களாம். இதே ஜாதியில் இன்னொருவர் பெ.நா. அப்புஸ்வாமி. தொழில் வக்கீல். 1917-லிருந்து கிட்டத்தட்ட எழுபது வருஷம் தமிழில் அறிவியல் எழுதினார். விஞ்ஞானம் தமிழில் வராது என்று சொல்கிறவர்களிடம் நான் வாதாடுவதில்லை, அவர் புத்தகத்தைக் கொடுத்துவிடுவேன். 1960 ஜனவரியில் நீல்ஸ் போரே சென்னைக்கு வந்தபோது, மயிலாப்பூரில் அல்லாடி ராமகிருஷ்ணன் தன் வீட்டில் நடத்திக்கொண்டிருந்த கோட்பாட்டு இயற்பியல் வகுப்புக்குப் போனார். வீட்டு ஹாலில் பத்துப் பன்னிரண்டு பையன்கள், எதிரே போர்! அதைப் பற்றி அவர் வெளியே புகழ்ந்து பேசியது நேரு காது வரை போய், 1962 ஜனவரி 3-ம் தேதி கணித அறிவியல் நிறுவனம் பிறந்தது. தொடக்க விழாவுக்கு வந்திருந்தவர் யார் தெரியுமா? அதே சந்திரசேகர்.

கடைசியில் அந்தக் குட்டிப் புத்தகம். அப்பா அதை மறக்கவில்லை. "அப்ப இதுல இருக்கிறது பொய்யா?" என்றார். நான் கொஞ்சம் திணறினேன். ஏனென்றால் இவர் பல வருஷமாக மாசாமாசம் 14 கிலோமீட்டர் கிரிவலம் போகிறவர். அதை அசைத்துப் பார்க்கிற உத்தேசம் எனக்கு இல்லை. ஆனால் அவரிடம் பொய் சொல்லவும் மனசு வரவில்லை. அணு என்ற சொல் நம்மிடம் ரொம்பப் பழசு, ஔவையார் குறளைப் புகழும்போதே வருகிறது. கணாதர் வழி வந்த வைசேஷிகர்கள் பிரிக்க முடியாத துகளைப் பற்றி ஆழமாக யோசித்திருக்கிறார்கள். ஷ்ரோடிங்கர் வேதாந்தம் படித்தவர், அதுவும் நிஜம். ஜெனீவா ஆராய்ச்சிக் கூட வளாகத்தில் 2004-லிருந்து நடராஜர் நிற்கிறார், இந்திய அரசு கொடுத்தது. இவ்வளவும் உண்மை. ஆனால் சோடியத்தின் கோடு 589-ல் வரும், ஹீலியத்தின் கோடு 587.6-ல் வரும் என்று எந்தப் பழைய நூலிலும் இல்லை. அந்த ஒன்றரை நானோமீட்டர் வித்தியாசத்துக்குள்தான் ஒரு புதுத் தனிமமே ஒளிந்திருந்தது. அளந்தவன்தான் அதைப் பிடித்தான். அதை ரிஷிகள் தலையில் கட்டினால் ரிஷிகளுக்கும் பெருமை இல்லை, வனபர்த்தியில் வெயிலில் நின்ற ரகுநாதாச்சாரிக்கும் நியாயம் இல்லை என்றேன்.

அப்பா கொஞ்ச நேரம் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, தனித்தனிக் கலெக்ஷன். ஒரே பையில போட்டா கணக்கு டேலி ஆவாது" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

சென்னையில் போக்ஸனும் ரகுநாதாச்சாரியும் இருந்த வானாய்வுக் கூடம் 1899-ல் கொடைக்கானலுக்கு மாறியது. அதன் வாரிசுதான் இன்றைக்கு ஜவ்வாது மலையில் காவலூரில் இருக்கிற தொலைநோக்கிகள், நமக்கு வடமேற்கே அடுத்த மலை. அங்கே 1986-ல் திறந்த 2.3 மீட்டர் தொலைநோக்கிக்கு வைணு பாப்பு பெயர். விண்மீன் ஒளியைப் பிரித்துப் பார்க்கிற கருவிகளும் உண்டு, அதே சோடியக் கோடுகள் அதிலும் விழும். அப்பா அந்த ரூட்டில் நாலு வருஷம் டிக்கெட் கிழித்திருக்கிறார். ஆலங்காயத்தில் இறங்கும் ஆட்கள் சிலர் பெட்டி பெட்டியாக ஏதோ கொண்டுபோவார்களாம், லக்கேஜ் போடச் சொல்லிச் சண்டை போட்டிருக்கிறாராம்.

"என்ன பெட்டின்னு கேட்டிருக்கலாம்" என்கிறார் இப்போது. கண் ஆபரேஷன் முடிந்து கட்டு பிரித்ததும் காவலூர் போகலாம் என்று சொல்லியிருக்கிறேன். டீச்சரம்மாவும் வருகிறார்கள். டிக்கெட் அப்பாதான் எடுப்பாராம், சரியான சில்லறையாக.